வீட்டாரின் நம்பிக்கையும் பிள்ளையின் மௌனமும்

ஸ்கை போர்க்மன் இயக்கத்தில் 2017இல் வெளிவந்த ‘அப்டக்டட் இன் ப்ளெய்ன் சைட்’ என்னும் ஆவணப்படம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜான் ப்ரோபெர்க் என்னும் சிறுமி 1974இலும் 1976இலும் இருமுறை கடத்தப்பட்ட வரலாற்றை, அவரும் அவருடைய பெற்றோரும் நேரில் சொல்லும் வாக்குமூலங்களின் வழியே விரிக்கிறது. முதல் கடத்தலின்போது அவருக்கு வயது 12. கடத்திய ராபர்ட் பெர்க்டோல்ட், அதே தேவாலயத்துக்குச் சென்றுவந்த குடும்ப நண்பர்.

பாலியல் நோக்கமுடைய ஒருவர் அன்பு, பரிசு, இரகசியம் ஆகியவற்றால் பிள்ளையைப் படிப்படியாகத் தம் பிடிக்குள் கொண்டுவருவதை ‘குரூமிங்’, அதாவது வசப்படுத்தல் என்பர். பெர்க்டோல்ட் முதலில் வசப்படுத்தியது பெற்றோரையே. தந்தை, தாய் இருவரையும் தனித்தனியே தகாத உறவுக்குள் இழுத்து, அவ்வெட்கத்தையே அவர்களுக்குப் பூட்டாக்கினார். தமக்குச் சிகிச்சை என்று கூறிச் சிறுமியின் படுக்கையில் உறங்கவும் அனுமதி பெற்றார். முதல் கடத்தலுக்குப் பிறகும் பெற்றோர் அவருக்குச் சாதகமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்ததை ‘இவ்வளவு ஏமாளிகளா’ என்று நகைப்பது எளிது. ஆனால் அச்சத்தாலும் மானத்தாலும் கட்டுண்டவர்கள் வேறு என்ன செய்திருப்பார்கள் என்பது அத்தனை எளிய கேள்வியாகத் தோன்றவில்லை.

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய பூட்டு வேறு வகையினது. விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைப் பதிவுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்பே தாய் திரும்பும் வீட்டிலும், அவர் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்க அம்மாயியின் பொறுப்பில் பிள்ளை வளரும் வீட்டிலும், அவசரத்துக்குக் கைமாற்று தருபவரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து வருபவரும் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரரே. அவரை மாமா, சித்தப்பா என்று முறை சொல்லி அழைக்கும் லயத்து வழக்கம் பெரும்பாலும் பிள்ளைகளைக் காக்கவே செய்கிறது என்றாலும், தீய எண்ணமுடையவருக்கும் அதே வாசல் திறந்தே கிடக்கிறது. நன்றிக்கடனும் பணக்கடனும் சேர்ந்த இடத்தில், பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு சொல்லைப் பெரியவர்கள் கேட்டும் கேளாதவராகின்றனர்.



இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையில் 2006இல் செய்யப்பட்ட திருத்தம், 18 வயதுக்குட்பட்டவரைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்காக இணங்கத் தூண்டுவதையே குற்றமாக்கியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு எவரும் முறைப்பாடு செய்யலாம். எனினும் வசப்படுத்தலின் ஒவ்வொரு செயலும் தனியே பார்த்தால் உதவியாகவே தெரிவதால், அவ்வாறு உதவும் குடும்ப நண்பருக்கு எவ்விதத்திலும் கடன்படாத பள்ளி ஆசிரியரோ, குடும்பநல மாதுவோ, பிள்ளை மடுவம் எனப்படும் குழந்தைகள் காப்பகத்துப் பணியாளரோதான் அதை வீட்டாருக்கு முன்னரே இனங்காணக்கூடிய நிலையில் இருக்கின்றனர்.