விமானத்துக்குப் பின்னால் நிற்கும் குன்று எந்த ஊர்?

அரைக்கால் சட்டையும் கசங்கிய காக்கியுமாக ஆறேழு இளைஞர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு விமானத்தின் மூக்கு. அதற்கும் பின்னால் மொட்டைப் பாறையாக ஒரு குன்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்னிந்தியாவில் எடுத்த விமானப்படைக் குழுப் படங்கள் பல இப்படித்தான் இருக்கும். படத்தின் பின்பக்கம் பென்சிலால் ‘இந்தியா, 1944’ என்று எழுதியிருந்தாலே பெரிய விஷயம். தளத்தின் பெயரை வீட்டுக்கு எழுதும் கடிதத்தில்கூடக் குறிப்பிடத் தணிக்கை விடாத காலம் அது. படத்தில் நிற்பவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், நம் ஊர்களிலும், பேரப்பிள்ளைகள் பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: தாத்தா நிற்கிற இடம் எது, பின்னால் நிற்பது என்ன விமானம்?

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நேர்கோட்டில் அளந்து பாருங்கள். வடக்கே 30 கிலோமீட்டருக்குள் திருச்சி விமான நிலையம். வடகிழக்கே சுமார் 45 கிலோமீட்டரில் தஞ்சாவூர். தெற்கே 40 கிலோமீட்டர் அளவில், கானாடுகாத்தான் பக்கம், செட்டிநாடு ஓடுதளம். போர்க்காலத்தில் மூன்றும் விமானப்படைத் தளங்கள். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் ஆண்ட தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்தது. தளங்கள் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. அதனால் ராணுவ ஏடுகளில் இந்தப் பக்கத்துக் குறிப்புகளைத் தேடுகிறவர்கள் ‘டிரிச்சினாப்பொலி’, ‘டாஞ்சூர்’ என்ற பெயர்களைத்தான் தேட வேண்டும்.

திருச்சிக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. திருச்சிக்காரர்களுக்கே அதிகம் தெரியாதது. இந்திய விமானப்படையின் 6-ஆம், 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் இரண்டும் 1942 டிசம்பர் 1 அன்று அங்கேதான் தொடங்கப்பட்டன. ஆறாம் ஸ்குவாட்ரனை நடத்தியவர் மெஹர் சிங். ஹரிக்கேன் விமானங்களில் கேமரா பொருத்தி, பர்மா எல்லையில் எதிரியின் நடமாட்டத்தைப் படமெடுத்துக் கொடுத்தது அந்தப் படை. எட்டாம் ஸ்குவாட்ரன் பின்னாளில் வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானத்தில் பறந்தது. தஞ்சாவூரிலோ, மலேயாவிலும் ஜாவாவிலும் ஜப்பானியரிடம் அடிபட்டு அழிந்துபோன பிரிட்டிஷ் 36-ஆம் ஸ்குவாட்ரன் 1942 அக்டோபரில் மறுபடி உருவாகி, வெலிங்டன் விமானங்களுடன் வங்கக் கடலைக் காவல் காத்தது.

சரி, படத்தில் தெரியும் மொட்டைப் பாறை நார்த்தாமலையாக இருக்குமா? ஆசைப்படலாம். ஆனால் கணக்கு இடம் கொடுக்காது. சுற்றுத் தரையிலிருந்து 100 மீட்டர் எழும் குன்று ஒன்றை 28 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால், வானத்தில் முழுநிலவின் அகலத்தில் பாதிகூடத் தேறாது. பெட்டிக் கேமராவில் அது அடிவானத்தில் ஒரு கறை. ஆகவே திருச்சி ஓடுதளத்தில் எடுத்த படத்தில் ஆட்களின் தோளுக்கு மேல் ஒரு குன்று நிமிர்ந்து நின்றால், அது எதுவாக இருந்தாலும் நார்த்தாமலை இல்லை. அருகிலிருக்கும் பொன்மலையையோ மலைக்கோட்டையையோ முதலில் நினைக்க வேண்டும்.

இந்த எளிய கணக்கு மற்ற ஊர்களுக்கும் உதவும். மதுரை விமானத் தளத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் திருப்பரங்குன்றம். உயரம் ஆயிரம் அடியை ஒட்டி வரும். அங்கே எடுத்த படத்தில் அது தப்பாமல் தெரியும். யானைமலையோ வெகு தள்ளி இருப்பதால் சிறுத்துவிடும். 203-ஆம் ஸ்குவாட்ரன் 1944 அக்டோபரில் மதுரைக்கு வந்து லிபரேட்டர் விமானங்களுக்கு மாறியது. அடுத்த பிப்ரவரியில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் தளத்துக்கு, அதாவது இன்றைய பலாலிக்கு, போய்விட்டது. அதே லிபரேட்டருக்குப் பின்னால் தலை தட்டையான, செங்குத்தான தனிப்பாறை நின்றால் இலங்கையின் சிகிரியா. 160-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே இருந்தது. ஒரே குன்று மட்டும் தெரிந்தால் சந்தேகம் இருக்கும். இரண்டு குன்றுகள் தெரிந்தால் நல்லது. முன்குன்று பின்குன்றின் எந்தப் பகுதியை மறைக்கிறது என்று பார்த்தால், கேமரா நின்ற திசையே கிடைத்துவிடும். நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் இணைய வரைபடங்களில் அந்தத் திசையில் நின்று பார்க்கிற வசதி இன்று எல்லாருக்கும் இருக்கிறது.

நார்த்தாமலை பெரிதாகத் தெரிகிற படம் ஒன்று வந்தால் அது விமானத் தளத்தில் எடுத்ததாக இருக்காது. ஓய்வுநாளில் கோயில் பார்க்க வந்தவர்கள் எடுத்ததாக இருக்கும். அதை அடையாளம் காண்பது விமானத்தைவிடச் சுலபம். மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை, சுற்றிலும் சின்னச் சின்னச் சன்னிதிகள். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். பெரியதான சமணர் குடகில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தச் சேர்க்கை வேறெங்கும் கிடையாது. ஆவணக் காப்பகங்களில் பழம் தின்று கொட்டை போட்ட வெளிநாட்டு ஆய்வாளருக்கு ஒரு வாரம் பிடிக்கிற வேலையை, இங்கே ஆடு ஓட்டிப் போகிறவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடித்துவிடுவார். இந்தப் படங்களின் தேடலில் உள்ளூர்க்காரர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

ஆனால் இன்றைய நிலத்தை அப்படியே பழைய படத்தோடு ஒப்பிடக் கூடாது. மாவட்டம் முழுக்க இப்போது தெரியும் தைலமரத் தோப்புகள் போருக்குப் பின் வந்தவை. சீமைக்கருவேலம் இப்படிக் காடாக மண்டியதும் பிறகுதான். சில குன்றுகளைக் கல்குவாரிகள் பாதி தின்றுவிட்டன.

விமானத்துக்கு வருவோம். முழு விமானமும் படத்தில் வருவது அபூர்வம். ஒரு சக்கரம், ஒரு சன்னல், வாலின் ஒரு ஓரம், இவ்வளவுதான் கிடைக்கும். அது போதும். ஒற்றை இன்ஜின் போர்விமானத்தின் சக்கரங்கள் அகலக் கால் பரப்பி நின்றால் ஹரிக்கேன்; ஒட்டி நின்றால் ஸ்பிட்பயர். உடலில் மூங்கில் கூடை முடைந்தது போன்ற சட்டகம் சன்னல் வழியாகத் தெரிந்தால் வெலிங்டன். இரட்டை முட்டை வடிவ வால், நான்கு இன்ஜின், மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் என்றால் லிபரேட்டர். இறக்கை உடலில் ஒட்டாமல் ஒரு தூணின் மேல் உயர்ந்து நிற்க, இடுப்பில் இருபுறமும் கண்ணாடிக் குமிழ் புடைத்திருந்தால் கேட்டலினா என்ற பறக்கும் படகு. அது சென்னைக்கு வடக்கே செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. 240-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்த ஏரிதான் தளம். தலைகளையும் எண்ணுங்கள். வெஞ்சன்ஸில் இருவர், வெலிங்டனில் ஐந்தாறு பேர், லிபரேட்டரில் எட்டுப் பேரோ அதற்கும் மேலோ. தரைப் பணியாளர்களும் சேர்ந்து நின்றிருந்தால் இந்த எண்ணிக்கை பலிக்காது.

காலத்தைச் சொல்வது இறக்கையிலும் உடலிலும் தீட்டிய வட்டக் குறி. பிரிட்டிஷ் குறியின் நடுவில் சிவப்புப் பொட்டு உண்டு. கீழை முனையில் அது ஆபத்தானது. ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டம் என்று மயங்கித் தன் படையே சுட்டுவிடக் கூடாதென்று, 1942-43 வாக்கில் இந்தியாவில் சிவப்பை நீக்கி நீலத்திலேயே இரண்டு சாயல்களில் தீட்டினார்கள். ஆக, சிவப்புப் பொட்டு இருந்தால் படம் அதற்கு முந்தியது, அல்லது வேறு நாட்டில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை எப்படிக் காண்பது என்று கேட்பீர்கள். வில்லங்கமே அங்கேதான். அக்காலத்துச் சில பிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பும் மஞ்சளும் கறுத்து விழும், நீலம் வெளுத்து விழும். எந்த வகைப் பிலிம் என்று தெரியாமல் சாம்பல் நிறத்தை வைத்து வர்ணம் சொல்வது ஏமாற்றத்தில்தான் முடியும்.

எழுத்தையும் நம்பிவிடக் கூடாது. ‘மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்’ என்று குறிப்பு இருந்தால் சென்னையில் எடுத்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் போருக்காகச் சென்னை மாகாணத்தில் திரட்டிய பணத்துக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படை 79, 234, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 264-ஆம் படை 1940-ல் இங்கிலாந்து வானத்தில் டிபையன்ட் விமானங்களில் சண்டையிட்டது. அந்தப் படத்தில் பின்னால் தெரிகிற புல்வெளி நம்மூர்ப் புல்வெளி அல்ல. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. ‘எச்.எம்.எஸ். கருடா’ என்ற குறிப்பைப் பார்த்துக் கப்பலைத் தேடிப் போனவர் கடைசியில் கோயம்புத்தூரில் வந்து நிற்பார். பிரிட்டிஷ் கடற்படை தன் தரைத் தளங்களுக்கும் கப்பல் பெயர் வைக்கும். கருடா அங்கிருந்த விமானப் பழுதுபார்ப்புத் தளம். சூலூர் ‘வைரி’, தாம்பரம் ‘வல்லூறு’. எல்லாம் பறவைகள்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் குன்றின் வடிவமும் அப்படியே திரும்பிவிடும். விமானக் குழுவினரின் ஒற்றைச் சிறகுச் சின்னம் இடது மார்பில் இருக்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்னத்தில் உள்ள எழுத்தும் காலத்தைக் காட்டும். நோக்கருக்கு (அப்சர்வர்) இருந்த ‘ஓ’ 1942-ல் புதிதாகக் கொடுப்பது நின்று, வழிகாட்டிக்கு (நேவிகேட்டர்) ‘என்’ வந்தது.

நிழலை வைத்துத் திசை பார்க்கும் முறையை வெளிநாட்டு நூல்கள் விரிவாகச் சொல்லும்: நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று. அது லண்டனுக்குச் சரி. நார்த்தாமலை பத்தரை டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். இது தெரியாமல் மே மாதப் படத்தைக் கணித்தால் வடக்கும் தெற்கும் இடம் மாறிப்போகும்.

இத்தனைக்கும் பிறகு காகிதம் வேண்டும். ஸ்குவாட்ரன்களின் நாளேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசையில் இருக்கின்றன. எந்த நாளில் எந்த விமானம், யார் யார் ஏறினார்கள் என்பது அவற்றில் இருக்கும். வால் அருகில் தீட்டிய வரிசை எண்ணில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தால்கூடப் பட்டியலை வெகுவாகக் குறைத்துவிடலாம். வானோடியின் சொந்த லாக் புக் வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். திரும்பி வராதவர்களின் பெயர்களைச் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும், உடல் கிடைக்காதவர்களாயின் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரிலும் பார்க்கலாம்.

படத்தை வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஓரம் வெட்டாமல், பின்பக்கத்தையும் சேர்த்து, பெரிய அளவில் ஸ்கேன் செய்யுங்கள். தாத்தாவின் முகம் பளிச்சென்று தெரியட்டும் என்று சுற்றியிருப்பதை எல்லாம் கத்தரித்து அனுப்புகிறார்கள். குன்று போய்விட்டால் நார்த்தாமலையில் யாரிடம் காட்டியும் பயனில்லை.