சாம்பல் சுமக்கும் மாளிகைகள்!

மாளிகையின் மேல்மாடியிலே நின்று காற்று வாங்குவோர், கீழே தூணுக்குள் இருப்பது என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பி உண்டு, ஜல்லி உண்டு, சிமெண்ட் உண்டு. வைபரேட்டர் பிடித்துக் கை மரத்துப்போன தொழிலாளியின் வியர்வையும் உண்டு!

ஏன் அந்த வைபரேட்டர்? கெட்டிக் கலவை, கம்பிகளின் இடுக்கிலே தானாகப் புகாது. அதிரவைத்தால்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். இல்லையேல் தூணிலே பொந்து விழும், ஈரம் புகும், கம்பி துருப்பிடிக்கும்.

அதிர்வே வேண்டாத கலவையை 1986-ல் சிந்தித்தார் ஜப்பானியப் பேராசிரியர் ஒகமுரா. தேர்ந்த தொழிலாளர் குறைந்துவந்த நாடு அது. 1988-ல் கலவை உருவாயிற்று. 1998-ல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் வடங்களை இழுத்துப் பிடிக்கும் பெருந்தாங்கிகளில் அதுவே நிரம்பியிருக்கிறது! கூம்பு அச்சில் நிரப்பித் தூக்கினால், தட்டாமலே 55 முதல் 85 சென்டிமீட்டர் அகலம் பரவும், ஜல்லியோ பிரியாது!

"விலை?" என்று கேட்பீர்கள், தோழர்களே! நியாயமான கேள்வி. ஓடும் கலவைக்கு நுண்தூள் மிகுதியாக வேண்டும். அத்தனையும் சிமெண்ட் என்றால், தொழிலாளர் குடியிருப்புக்கு எட்டுமா? எட்டாது!

அங்கேதான் கைகொடுக்கிறது, குப்பையென்று ஒதுக்கப்பட்ட சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பலும், இரும்பாலை ஊதுலைக் கசடை அரைத்த தூளும் சிமெண்டில் ஒரு பங்கின் இடத்தைப் பிடிக்கின்றன. சாம்பல் துகள் உருண்டை. கலவையை உருண்டோடச் செய்யும். சிமெண்ட் வெளியிடும் சுண்ணாம்போடு கூடி, நாளாக நாளாக வலிவும் ஊட்டும்.

எண்ணூர்க் கழிமுகத்திலே சாம்பற்குழம்பு படிந்து மீனவர் வாழ்வு குலைந்ததை நாடறியும். ஆற்றுக்குப் போகுமுன்னே உலர்சாம்பலாகப் பிடித்துத் தூணுக்கு அனுப்பினால், தூணும் நிற்கும், ஆறும் பிழைக்கும்!

எச்சரிக்கையும் சொல்வோம். ஓடவேண்டுமென்று தண்ணீரை ஊற்றினால் வலிவு போகும். ஓட்டம் தருவது, சிறிதளவே சேர்க்கும் இரசாயன மருந்து. சாம்பற்கலவை மெல்ல இறுகும். நீராட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது. சோதித்த சாம்பலே வேண்டும். இந்தியத் தர விதியும் 2019-ல் இக்கலவைக்கு வழி வகுத்துவிட்டது.

இனி, நாம் கேட்பது ஒன்றே: இந்த மிச்சம் யாருக்கு? காண்டிராக்டரின் பைக்கா? வைபரேட்டர் பிடித்தவனை வீட்டுக்கு அனுப்பவா? கூடாது! கூம்பைத் தூக்கிக் கலவையைச் சோதிக்க அவனுக்கே கற்றுக்கொடுங்கள், கூலியை உயர்த்துங்கள். கைநடுக்கம் ஒழியட்டும், கைத்தொழில் ஒழியலாகாது!