அலுவலக மேசை யாருடையது?

அலுவலகத்தில் எழுத்தர் ஒருவருக்கு வழங்கப்படுவது ஒரு மேசையும் ஒரு நாற்காலியுமே. அவை அவருடையன அல்ல, நிறுவனத்தின் உடைமை. எனினும் அவர் வேலையிற் சேர்ந்த சில நாள்களுக்குள் அம்மேசைமீது மகளின் நிழற்படம் ஒன்று வந்துவிடும். கண்ணாடிக் குவளையில் ஒரு கொடி தழைக்கும். சுவரோரத்தில் முருகன் படமோ குறட்பா அச்சிட்ட நாட்காட்டியோ இடம் பெறும். பள்ளிகளின் ஆசிரியர் அறையைப் பார்த்தாலே இது விளங்கும். மேசைக்குரியவர் எழுந்து வகுப்புக்குச் சென்றிருந்தாலும், இது தமிழாசிரியர் மேசை, இது ஓவிய ஆசிரியர் மேசை என்று புதிதாய் வந்தவரும் கூறிவிடலாம்.

இதனை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்குவோர் உளர். உளவியலார் அவ்வாறு ஒதுக்குவதில்லை. இர்வின் ஆல்ட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மனிதன் தனதெனக் கருதும் இடங்களை மூவகையாகப் பிரித்தார். வீடுபோல் முழுதும் தனக்கே உரியது ஒன்று. கழகம், மன்றம் போல் ஒரு குழுவினர்க்கு ஓரளவு உரியது மற்றொன்று. பேருந்து இருக்கைபோல் எழுந்தவுடன் உரிமை நீங்குவது மூன்றாவது. அலுவலக மேசை இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்காது. சட்டப்படி பிறருடையது, பழக்கத்தால் தன்னுடையது. சிக்கல் யாவும் இந்த இரண்டுங்கெட்ட நிலையிலிருந்தே பிறக்கின்றன.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாளிமார் இவ்வுரிமையைச் சிறிதும் ஒப்பவில்லை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1906ஆம் ஆண்டில் லார்க்கின் நிறுவனத்திற்காக ஃபிராங்க் லாய்ட் ரைட் எழுப்பிய கட்டடம் இதற்குச் சான்று. ஒளியும் காற்றும் நிறைந்த அரிய கட்டடம் அது. ஆனால் நாற்காலிகள் பல மேசையோடு பிணைக்கப்பட்டிருந்தன. உட்காருபவர் அதனை விருப்பம்போல் நகர்த்த இயலாது. சுவர்களில் அறிவு, ஊக்கம், கட்டுப்பாடு என்பன போன்ற சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அச்சொற்களைத் தேர்ந்தவர்கள் அங்கே அமர்ந்து கடிதம் எழுதியவர்கள் அல்லர். கட்டடம் 1950இல் இடிக்கப்பட்டது. கருத்து இடிபட மேலும் காலம் ஆயிற்று.

மாற்றம் வேண்டியவர்களுள் ராபர்ட் புரொப்ஸ்ட் குறிப்பிடத்தக்கவர். ஹெர்மன் மில்லர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1968ஆம் ஆண்டில் நகர்த்தக்கூடிய தடுப்புகள் கொண்ட அலுவலக அமைப்பொன்றை வெளிக்கொணர்ந்தார். பணியாளர் தம் படங்களையும் குறிப்புகளையும் தடுப்பிற் குத்தி வைக்கலாம். மேசையின் உயரத்தை மாற்றலாம். தடுப்புகளை விரிகோணமாக அகற்றி வைக்கலாம். நிறுவனங்களோ அவற்றை நேர்கோணமாக நெருக்கி, குறைந்த இடத்தில் நிறைந்த ஆள்களை அடைக்கும் வழியாகக் கொண்டன. இன்று உலகெங்கும் காணப்படும் கூண்டு அறைகள் இவ்வாறு தோன்றியவையே. இறுதிக் காலத்தில் புரொப்ஸ்டே இதனை எண்ணி வருந்தினார்.

இதற்கு நேர்மாறான திசையிற் சென்றது லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இயங்கிய சையாட் டே என்னும் விளம்பர நிறுவனம். 1994ஆம் ஆண்டில் அங்கே தனி மேசை என்பதே ஒழிக்கப்பட்டது. பணியாளர் காலையில் கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு கண்ட இடத்தில் அமர வேண்டும். சொந்தப் பொருள்களை ஒரு சிறு பெட்டியறையிற் பூட்டிவிட வேண்டும். விளைவு வேறாயிற்று. தாள்களை வைக்க இடமின்றிச் சிலர் தம் காரின் பின்பெட்டியையே அலமாரியாக்கினர். சில ஆண்டுகளுக்குள் இம்முறை கைவிடப்பட்டது. 1998இல் புதிய இடத்திற்குக் குடிபெயர்ந்தபோது மேசைகள் மீண்டும் வந்தன.

இவையெல்லாம் நிகழ்ச்சிகள். ஆய்வு கூறுவது யாது? இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹஸ்லாம் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சோதனை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அவர்கள் நால்வகை அறைகளை அமைத்தனர். முதல் அறை வெறுமையானது. வேலைக்கு வேண்டிய பொருளன்றி வேறில்லை. இரண்டாவதில் செடிகளையும் படங்களையும் ஆய்வாளரே அழகுற வைத்தனர். மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் அங்கு அமர்பவர் தம் விருப்பம்போல் வைத்துக்கொண்டார். நான்காவதிலும் அவ்வாறே, ஆனால் அவர் அடுக்கி முடித்தபின் ஆய்வாளர் வந்து யாவற்றையும் மாற்றி வைத்தார். பின்னர் அனைவருக்கும் ஒரே வகை வேலை தரப்பட்டது.

வெறும் அறையைவிட அழகுபடுத்திய அறையில் வேலை ஏறத்தாழ 17 விழுக்காடு மிகுந்தது. தாமே அடுக்கிய அறையில் ஏறத்தாழ 32 விழுக்காடு மிகுந்தது. நான்காம் அறையிலோ அந்த ஆதாயம் முழுதும் மறைந்தது. வெறும் அறையின் நிலைக்கே வேலை இறங்கியது. செடி அதே செடி. படமும் அதே படம். வேறுபட்டது கை ஒன்றே. மேலதிகாரி ஒருவர் நல்லெண்ணத்தோடு மேசைகளை ஒழுங்குபடுத்துவதும் இந்நான்காம் அறையைப் படைப்பதாகலாம் என்பதை அலுவலகங்கள் பெரும்பாலும் உணர்வதில்லை.

மொழி பயில்வோர்க்குச் சுவைதரும் சான்று ஒன்றும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1943ஆம் ஆண்டு ரேடார் ஆய்வுக்காக அவசரமாகக் கட்டப்பட்ட மரக்கட்டடம் ஒன்று, இருபதாம் எண் கட்டடம் என்னும் பெயரோடு 1998 வரை நின்றது. அழகற்றது, கோடையில் வேகும். ஆனால் தற்காலிகக் கட்டடமாதலின், சுவரில் துளையிடவோ கம்பி இழுக்கவோ எவரும் எவரையும் கேட்கவில்லை. அணுக்கடிகார ஆய்வுக்காக இரு தளங்களின் தரையையே அறுத்தெடுத்தனர். நோம் சோம்ஸ்கியின் அறையும் அக்கட்டடத்திலேயே இருந்தது. இக்கால மொழியியலை மாற்றிய ஆய்வுகள் பல அங்கே வளர்ந்தன.

இவ்வுரிமைக்கு எல்லையே இல்லை என்பதன்று. பல இனத்தார் அருகருகே அமரும் அலுவலகத்தில் ஒருவர் ஒட்டும் படம் மற்றவரைப் புண்படுத்தக் கூடும்; ஊதுபத்திப் புகை அடுத்தவர்க்கு இருமலாகும். அதனை அங்கே அமர்பவர்களே கூடிப் பேசித் தீர்ப்பது, சுற்றறிக்கை விடுவதினும் எளிது.

2020ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பாதி நாள் வேலை செய்யும் வழக்கம் பரவவே, மேசையைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் முறை பெருநகரங்களில் மீண்டும் தலையெடுத்துள்ளது. மாலையில் மேசை துடைத்தாற்போல் இருக்க வேண்டும். அங்கே குடும்பப் படமும் செடியும் இல்லை. மடிக்கணினியின் மூடியிலோ இடைவெளியின்றி ஒட்டுப்படங்கள் நிறைந்திருக்கின்றன.