உங்கள் பட்டறையில் எத்தனை பேர்? சட்டம் அதைத்தான் முதலில் கேட்கிறது, தெரியுமா?

29 தொழிலாளர் சட்டங்கள் ஒரே நாளில் விடைபெற்றன, தெரியுமா? 2025 நவம்பர் 21! ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கே நான்கு தொகுப்புகள் இப்போது அந்த இடத்தில். 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமும் 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமும்கூட அந்த 29-இல் அடக்கம்!

அதனால் நம் சேலம், நாமக்கல் பக்கம் என்ன மாறிவிடும் என்கிறீர்களா? பள்ளிபாளையத்தில் 14 பேர் வேலை பார்க்கும் ஒரு விசைத்தறிப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய வரம்பு 20! தறி அதே தறி, இரைச்சல் அதே இரைச்சல். பட்டறை மட்டும் தொழிற்சாலைக் கணக்கிலிருந்து நழுவிவிட்டது. சிறு பட்டறைகளே நிறைந்த மண்ணில் இது சின்ன மாற்றமா? எனக்கு இது கவலையாகத்தான் இருக்கிறது.

ஆனால் 10 பேரைத் தொட்டுவிட்டால் பணி நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும், தெரியுமா? லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் எத்தனை டிரைவர்களிடம் அப்படியொரு தாள் இருக்கிறது? ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருப்பவரை இந்த விதி எட்டவே எட்டாது என்பதுதான் வேதனை. பெரிய ஆலைகளுக்கும் ஓர் எண் உண்டு. ஆட்குறைப்புக்கோ ஆலையை மூடவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300-க்கு ஏறிவிட்டது!

சரி, ஆள் கணக்கே பார்க்காத சட்டம் ஏதாவது உண்டா? உண்டு! ஊதியத் தொகுப்பில் குறைந்தபட்ச கூலிக்கு ஆள் வரம்பே இல்லை. கொலுசுப் பட்டறையில் ஒரே ஒருவர் பற்றவைத்துக்கொண்டிருந்தாலும் அவருக்கும் அது உண்டு. வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் இரண்டே வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும்!

இன்னொன்று கேளுங்கள். குறைந்தபட்ச கூலி பாக்கிக்கு முன்பு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டியிருந்தது. இப்போது மூன்று ஆண்டுகள் அவகாசம்! கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். கணக்கு நோட்டில் ஒழுங்காக எழுதி, கையெழுத்தும் வாங்கிவைக்கும் முதலாளிக்கு இதில் பயமே இல்லை. வாய்க்கணக்கில் ஓட்டுபவர் மாட்டிக்கொள்வார்.

தறி ஓட்ட வரும் குடும்பம் வாங்கும் அட்வான்ஸுக்கு வருவோம். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போகக் கூடாது என்று கட்டிவைத்தால் அது கொத்தடிமை முறை! 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த 29-இல் சேரவில்லை. இன்றும் தனியாக, உயிரோடு இருக்கிறது. அதன்படி அப்படிப்பட்ட கடனே செல்லாது. ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை! கட்டிவைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

நம் மாநிலமே தனியாகப் போட்ட சட்டங்களும் உண்டு, தெரியுமா? 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-இன் தமிழ்நாட்டுச் சட்டம். கடைகளில் நாள் முழுக்க நின்றபடி துணி எடுத்துப் போடும் பெண்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்!

பட்டறை வைத்திருப்பவர்களே, இன்றே ஆள் கணக்கு எடுங்கள். 10 பேர் இருந்தால் நியமனக் கடிதம் எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களே, கூலிச் சீட்டையும் கணக்கு நோட்டையும் மூன்று ஆண்டுக்குத் தூக்கிப் போடாதீர்கள். பாக்கி நின்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.