தசை மீளும், குருத்தெலும்பு மீளாது

வடக்குக் கொல்கத்தாவின் கோவாபாகானில் கோபர் குஹாவின் பெயரைத் தாங்கிய மல்யுத்தக் கூடம் இருக்கிறது. ஜதீந்திரசரண் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சான்டெலை வீழ்த்தி உலக லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. கழுத்துக்கு உரமேற்ற 160 பவுண்டு, அதாவது 70 கிலோவைத் தாண்டும் கல் வளையத்தை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்வார் என்பார்கள்.

பயிற்சியால் கழுத்துத் தசை பெருக்கும். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம் என்பதால், அதில் விழும் நுண்கிழிசல்கள் சில நாட்களில் ஆறி, தசை முன்னைவிட வலுக்கும். கோதாவில் அதே சுமையைத் தாங்கும் குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. அதற்குள் ரத்தக் குழாய்களே கிடையாது. பக்கத்துத் திசுக்களிலிருந்து ஊறிவரும் சத்தை நம்பியே அது வாழ்கிறது.

இதைக் காதில் கண்கூடாகப் பார்க்கலாம். பிடியில் மடல் கசங்கும்போது குருத்தெலும்புக்கும் அதைப் போர்த்திய உறைக்கும் நடுவே ரத்தம் தேங்குகிறது. உறையிலிருந்து வர வேண்டிய சத்து தடைபட, குருத்தெலும்பு மடிகிறது. அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, காது முடிச்சு முடிச்சாக இறுகிவிடுகிறது. முதல் சில நாட்களுக்குள் மருத்துவர் ரத்தத்தை வெளியேற்றி அழுத்திக் கட்டினால் பெரும்பாலும் காதைக் காப்பாற்றலாம். காதுக் கவசம் அணிந்தால் இந்தக் காயத்தையே பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் உடைந்த காதைப் பல பயில்வான்கள் வீரப் பதக்கமாகவே கருதுகிறார்கள்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளும், முழங்கால் மூட்டைப் போர்த்திய குருத்தெலும்பும் இதே வகைதான். அங்கே ஏற்படும் சேதம் வெளியே தெரியாது. தலையை ஊன்றி உடலை வில்லாக வளைக்கும் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் செய்கிறவரின் வட்டுகள் தேய்ந்து, நரம்பை அழுத்தி, கையில் மரமரப்பாக வெளிப்படலாம். அதற்குள் பலர் கோதாவை விட்டிருப்பார்கள்.

முடிவு முன்பே பேசிவைக்கப்படும் காட்சி மல்யுத்தத்திலும் உடல் விழுவது நிஜம். 2007இல் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்ட கனடா வீரர் கிறிஸ் பென்வாவின் மூளையை ஆராய்ந்தவர்கள், தொடர் அடிகளோடு தொடர்புடைய டௌ புரதப் படிவுகளைக் கண்டார்கள். அந்தக் கொடுமைக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையில் தடம் பதிக்கும் என்பதை அலட்சியம் செய்யவும் முடியாது.

களத்தை விட்ட பிறகு மருத்துவச் செலவு யார் பொறுப்பு? ஈடிணையற்ற காமா பயில்வான் முதுமையில் லாகூரில் நோயோடும் வறுமையோடும் போராடினார். தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாதந்தோறும் உதவித்தொகை அனுப்பினார். 1960இல் காமா மறைந்தார். ஒரு செல்வந்தரின் நல்ல மனதை நம்பி ஒரு விளையாட்டு நடக்கக் கூடாது.

பயில்வானின் உணவுக்கும் பரிசுக்கும் பணம் ஒதுக்குகிற அரசும் சங்கங்களும், ஓய்வுக்குப் பிந்தைய மூட்டு, கழுத்து, மூளைப் பரிசோதனைக்கும் ஒதுக்க வேண்டும். வலியை வாய்விட்டுச் சொல்லும் இளைஞனைக் கோழை என்று பழிக்காமல், அன்றே மருத்துவரிடம் அனுப்புவது குருவின் கடமை. தானாக ஆறாத திசுவுக்கு நாம் தரக்கூடிய மருந்து, காலம் தாழ்த்தாத கவனிப்புதான்.