குழாயடியில் குவிந்த பட்டன்கள்

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனின் சீருடைச் சட்டைக்கு ஒரே மாதத்தில் நான்கு பட்டன் தைத்தேன். "ஸ்கூல்ல என்னடா ஆச்சு?" என்று கேட்டால் பதில் வராது. ஆட்டிசம் உள்ள அவனுக்கு இப்படிப் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பிடிபடாது. ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அன்று மாலை பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பள்ளியை வரைந்தேன். வகுப்பறை, மாடிப்படி, குழாயடி, மைதானம். பட்டன் டப்பாவைக் கையில் கொடுத்து, "பயமா இருக்கிற இடத்துல வை" என்றேன். வகுப்பறையில் ஒன்றும் வைக்கவில்லை. மைதானத்தில் ஒன்று. மீதி அத்தனையையும் குழாயடியில் கொட்டினான்.

மறுநாள் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். இடைவேளையில் பையன்கள் குழாயடியில் முதுகில் தாவுவார்களாம், சட்டையைப் பிடித்து இழுப்பார்களாம். "ஆனா அவனும் சிரிச்சுக்கிட்டேதானேம்மா இருப்பான்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பிள்ளை பயந்தாலும் சிரிப்பான். அதைப் பள்ளியில் சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தள்ளி விளையாடும் பிள்ளைகள் எதிராளியின் முகத்தைப் பார்த்தே இது விளையாட்டு என்று நொடியில் கண்டுகொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த ஒரு நொடி போதாது. தொடு உணர்வும் வேறு. சொல்லாமல் தோளில் படும் விரல் என் மகனுக்குச் சுடும். அவனே கேட்டு வாங்கும் இறுக்கமான அணைப்போ ஆறுதல். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், பிறர் கட்டிப்பிடிப்பதைத் தாங்க முடியாமல், தன் உடலை அழுத்திக்கொள்ள இளம் வயதில் ஓர் இயந்திரமே செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எப்போது போதும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது.

என் மகனுக்கும் அந்த 'போதும்' வேண்டியிருந்தது. இடைவேளை மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே அவன் ஒரு நண்பனோடு தண்ணீர் பிடிக்கப் போகலாம் என்று ஆசிரியை ஏற்பாடு செய்தார். (இதைக் கேட்கப் பெற்றோர் தயங்கவே கூடாது. பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது.) வகுப்புக்கு ஒரு விதியும் வந்தது: யார் கையை நீட்டி "நிறுத்து" என்றாலும் உடனே விலகிவிட வேண்டும். அவன் பெயரைச் சொல்லாமல், எல்லோருக்குமான விதியாக வைக்கச் சொன்னேன்.

வீட்டில் அதைப் பழக்கினோம். அவன் அப்பா அவனைக் கழுத்துவரை போர்வையில் சுருட்டிப் பாயில் உருட்டுவார். "நிறுத்து" என்றால் கையை எடுத்துவிடுவார். முதல் வாரம் அவன் வாயே திறக்கவில்லை. சொன்னால் நிற்பார்கள் என்று நம்பவே அவனுக்கு நாள் பிடித்தது. "நாலு தள்ளு வாங்கினா தானா சரியாயிடுவான்" என்கிற உறவினர்களுக்கு இது புரியவில்லை. தள்ளு வாங்கி அவன் கற்றது கேட்டைப் பிடித்துக்கொள்வதை மட்டும்தான்.

போன வாரம் தலை சீவிக்கொண்டிருந்தேன். வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவசரத்தில் சிக்கை இழுத்துவிட்டேன். உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நிறுத்து" என்றான்.

பாதி முடியில் சீப்பு அப்படியே இருக்க, கையை எடுத்தேன். ஹாரன் மறுபடி அடித்தது. அவனே சீப்பை உருவி, மீதியைச் சீவிக்கொண்டான்.