கைத்துப்பாக்கிக்குத் தாங்குமேடை

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய் என்னும் அணிலினப் பிராணி மேய்ச்சற்புல்லைத் தின்பதால், மாடு வளர்ப்போர் அதனைப் பகையெனக் கருதுவர். அதனை நெடுந்தூரத்திலிருந்து சுடுவதற்குத் தூரநோக்கி பொருத்திய கைத்துப்பாக்கியும் உபயோகிக்கப்படுகிறது. 1963-ல் வெளிவந்த ரெமிங்டன் எக்ஸ்.பி.-100 அத்தகையது. தோளில் அணைக்கும் கட்டை இல்லாமையால் கைநடுக்கம் குறியைக் கெடுக்கும். 100 கஜத்தில் 1 அங்குலம் பிசகினால் 300 கஜத்தில் 3 அங்குலம் பிசகும்.

எடுத்துச்செல்லும் மேடைக்கு மூன்று கால்களே உத்தமம், மேடுபள்ளத்திலும் ஆடாது. கால்களை மண்ணில் அழுத்தி ஊன்றி, மேலே மணற்பை வைத்து, துப்பாக்கியின் முன்கட்டையை அதன்மேல் கிடத்துக. குழலைக் கிடத்தலாகாது, குண்டு தடம் மாறும். பிடியின் கீழும் சிறு பை வைக்கவும். குழல்வாய் மேடையின் விளிம்பைக் கடந்து நிற்றல் வேண்டும். குறிக்குப் பின்னால் மண்மேடு இல்லையேல் சுடலாகாது. கடினத்தரையில் பட்டுத் தெறிக்கும் குண்டு தூரத்திலுள்ள மனிதரையும் மாடுகளையும் கொல்லக்கூடும்.